வண்டிக்காகக் காத்திருந்த தீ

ஓலைக்குறிச்சியில் வடை சுட்டு விற்கும் சீனியம்மாளின் கூரையில் பற்றிய தீ, கூரையைத் தின்னாமலும் அணையாமலும், தீயணைப்பு வண்டி வரட்டும் என்று ஒரு வருஷத்துக்கு மேல் காத்துக்கொண்டு நின்றது. அது நின்றதுகூடப் பெரிசில்லை, அதைத் தலைக்கு மேலே நிற்கவைத்துவிட்டு அந்த ஊர் தன்பாட்டுக்குச் சோறு பொங்கித் தின்று, பிள்ளை பெற்று, காது குத்தி, ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்ததே, அதுதான் பெரிசு.

பனைக்கும் வெயிலுக்கும் வாக்கப்பட்ட ஊர் அது. கீழத்தெருவில் ஓட்டு வீடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் ஓலைக் கூரை, ஒரு கூரை அடுத்த கூரையின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கும். முதல் வீட்டில் மிளகாய் வறுத்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். சித்திரையில் ஒரு பொறி விழுந்தால் தெருவே போய்விடும், போயும் இருக்கிறது. தீயணைப்பு நிலையம் தாலுகா ஊரில். அங்கிருந்து வண்டி கிளம்பினால் நடுவில் ரயில்வே கேட். மூடின கேட் திறந்து, மணி அடித்துக்கொண்டு வண்டி வந்து சேர்கையில் சாம்பலில் கோழி கிளறிக்கொண்டிருக்கும். வந்தவர்கள் வந்ததற்கு அடையாளமாகச் சாம்பலுக்குத் தண்ணீர் அடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போவார்கள்.

ஊருக்கென்று ஒரு தீயணைப்பு நிலையம் வேண்டும், அதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும் என்பதைச் சட்டமன்ற உறுப்பினர் தவசிலிங்கம் ஆதரித்தார். சும்மா சொல்லக் கூடாது, மனசார ஆதரித்தார். சிலருக்கு வெற்றிலை, சிலருக்குப் பொடி, அவருக்கு ஆதரவு. வாயில் அதக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மானியக் கோரிக்கை வரும் நாளில் வெள்ளைச் சட்டை மொடமொடக்க எழுந்து, "தீயணைப்புத் துறைக்கு நிதி ஒதுக்குவதை நான் நெஞ்சார ஆதரிக்கிறேன்" என்பார், மேஜையைத் தட்டுவார்கள். அவர் ஆதரித்ததை அமைச்சர் வரவேற்பார், வரவேற்றதற்கு இவர் நன்றி சொல்வார், நன்றிக்கு மறுபடியும் மேஜையைத் தட்டுவார்கள். அத்தோடு அந்த வருஷத்துத் தீயெல்லாம் அணைந்ததாக அர்த்தம். கட்சிக்காரர்கள் அவருக்குத் 'தீயணைப்புத் திலகம்' என்று பட்டம் கொடுத்துப் பஸ் நிற்குமிடத்தில் அவர் கும்பிடுகிற படம் போட்டு விளம்பரத் தட்டி வைத்தார்கள். நிலையத்துக்கென்று குறித்த பொட்டலில் அடிக்கல்லுக்குப் பக்கத்தில் அடிக்கல்லாக நட்டு நட்டு அது கல்லறைத் தோட்டம் மாதிரி ஆகிப்போனது. மத்தியானத்தில் வெள்ளாடுகள் வந்து 'மாண்புமிகு' என்ற எழுத்தில் முதுகைச் சொறிந்துகொள்ளும்.

சீனியம்மாளின் வீடு கீழத்தெருவின் தலைமாட்டில் இருந்தது. புருஷன் பால்ச்சாமி பனையேறி. ஒரு ஆடி மாசக் காற்றில் மரம் அவனைக் கீழே போட்டுவிட்டது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, கட்டிலோடு கிடந்தான். வாய் மட்டும் பனை உச்சியிலேயே இருந்தது. வாசலில் அவள் அடுப்பு, உள்ளே அவன் கட்டில், நடுவில் அவன் கேலி; வடை வாங்க வருகிறவர்கள் பாதிப்பேர் கேலிக்கு வருகிறவர்கள். அந்த வீடு நின்ற இடம் புறம்போக்கு. வி.ஏ.ஓ. ஒவ்வொரு தடவை அந்தப் பக்கம் வரும்போதும், "ஆள் குடியிருக்கிற மட்டுந்தான்மா இது வீடு, கதவைச் சாத்திட்டு ஒரு நாள் வெளியூர் போனீங்கன்னாக்கூட இது வெறும் புறம்போக்கு" என்று ஞாபகப்படுத்திவிட்டு, ஓசியில் வடை தின்றுவிட்டுப் போவார்.

இனி அந்தப் பூக்குழி விவகாரம். பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் கோயில் முன்னால் பூக்குழி இறங்குவது அந்த ஊர் வழக்கம். இறங்குவதற்கு முன்னால் சங்கிலிப் பூசாரி மஞ்சள் நூலைப் பூக்குழிக் கங்குகளைச் சுற்றிக் கொண்டுவந்து, "கடைசிக் கால் கரையேறுற மட்டும் கட்டுப்பட்டு நில்லு தாயி" என்று தீயைக் கட்டுவார். நூல் அவர் கையில் இருக்கிற நேரம் தீயின் காது திறந்திருக்கும். அப்போது யார் என்ன சொன்னாலும் அதை வாக்காக எடுத்துக்கொள்ளும். அதனால் ஊரே வாய் திறக்காது, அழுகிற பிள்ளைக்குப் பால் கொடுத்து வாயை அடைத்துவிடுவார்கள். கடைசி ஆள் கரையேறினதும் பூசாரி தன் தலைத்துண்டை அவிழ்த்து, நூலையும் அதில் முடிந்து, கங்கில் போட்டுவிடுவார். பசியோடு கட்டுப்பட்டு நின்றதற்கு அது தீக்குக் கூலி. நூல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கூலி கொடுக்க வேண்டும். காலங்காலமாக இதில் ஒரு பிசகும் வந்ததில்லை.

அந்த வருஷம் கடைசி ஆள் கங்குக்கு நடுவில் நடந்துகொண்டிருக்கும்போதே தவசிலிங்கத்தின் கார் வந்து நின்றது. கட்சியில் ஒன்றியச் செயலாளராக இருந்தவரை ஊரில் ஒன்றியம் என்றே கூப்பிடுவார்கள். அவர் ஓடிப்போய்ப் பூசாரியின் காதில், "அண்ணனுக்கு அடுத்த ஊர்ல கூட்டம் இருக்கு, சட்டுனு மைக்கைக் குடுங்க, அந்த நூலை அண்ணன் கையில கட்டி மரியாதை செய்யுங்க" என்றார். பூசாரி ஒரு நிமிஷம் தீயைப் பார்த்தார், ஒரு நிமிஷம் காரைப் பார்த்தார். கார் பெரிசாக இருந்தது. நூல் தவசிலிங்கத்தின் மணிக்கட்டுக்குப் போனது, தலைத்துண்டு பூசாரியின் தலையிலேயே தங்கிவிட்டது, மைக் திறந்தது.

"என் உயிரினும் மேலான ஓலைக்குறிச்சிப் பெருமக்களே! நம் ஊருக்குத் தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை, இந்த மண்ணில் ஒரு கூரை எரியாது, எரியவும் விடமாட்டான் இந்தத் தவசிலிங்கம்!"

ஊர் கைதட்டியது. சீனியம்மாள் மட்டும், வடைத் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள், கங்கு ஒரு தடவை மூச்சை உள்ளே இழுத்தது மாதிரி மங்கி மறுபடி சிவந்ததைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு தவசிலிங்கம் சட்டமன்றத்தில் வழக்கம்போல ஆதரித்துவிட்டு ஊர் திரும்பினார். ஆதரித்ததற்கு வரவேற்பு, வரவேற்புக்கு வாணவெடி. அந்த வெடியில் ஒன்று வானத்தைப் பார்க்கப் பிரியப்படாமல் சாய்ந்து வந்து சீனியம்மாளின் கூரை முகட்டில் விழுந்தது. குப்பென்று பற்றியது. தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது, கட்டிலோடு பால்ச்சாமியை இழுத்தார்கள், யாரோ ஆட்டை அவிழ்த்துவிட்டார்கள், யாரோ மாரில் அடித்துக்கொண்டார்கள். தீ எழும்பி, ஒரு ஆள் உயரத்துக்கு நின்று, அப்படியே நின்றது. அடுத்த ஓலைக்குப் போகவில்லை. நின்ற ஓலையையும் தின்னவில்லை. தண்ணீரை வீசினால், வேண்டாத விருந்தாளியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி ஒதுங்கி வழிவிட்டு, தண்ணீர் போனதும் மறுபடி நேராக நின்றது. தெற்கே, தாலுகா ஊர் ரோட்டைப் பார்த்து லேசாகச் சாய்ந்திருந்தது.

"என்ன புள்ள, தின்னலையா?" என்றான் பால்ச்சாமி, வாசலில் கிடந்தபடி.

"திங்கல."

"அப்ப என்னைத் தூக்கி உள்ள போடச் சொல்லு. வெயில் அடிக்குது."

டீக்கடை இப்ராகிம் ராவுத்தர் நூத்தியொண்ணுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்தில் இருந்தவர் பொறுமையாக, "பரவுதா?" என்று கேட்டார்.

"பரவல."

"எரியுதா?"

"எரியுது... ஆனா எரியல."

"பாய், கேட்டுல கூட்ஸ் வண்டி நிக்குது. பரவுச்சுன்னா சொல்லுங்க, வர்றோம். பரவாததுக்கெல்லாம் வந்தா எங்களை மேல கேள்வி கேப்பாக."

அப்படியாகத் தீ அங்கே குடியேறியது. முதல் வாரம் பக்கத்து ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். அப்புறம் அது பழகிவிட்டது. ராவுத்தர் பீடியை நீள மூங்கிலில் செருகிப் பற்றவைத்துக்கொண்டார். தெருப் பெண்கள் ஈரச் சேலையை அந்தப் பக்கமாகக் காயப்போட்டார்கள், மழைக்காலத்தில் வத்தல் காயவைத்தார்கள், சளி பிடித்த பிள்ளைகளைத் தூக்கிக் காட்டினார்கள். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் ஒரு சூடத்தை அதன் பக்கம் வீசிவிட்டுப் போனார்கள். பொண்ணு பார்க்க வந்தவர்களுக்கு அடையாளம் சொல்லும்போது, "தீ நிக்கிற வீட்டுக்கு மூணாவது வீடு" என்றார்கள், வந்தவர்களும் தீ நின்றதைக் கேட்கவில்லை, பெண்ணுக்கு என்ன போடுவீர்கள் என்றுதான் கேட்டார்கள். பஞ்சாயத்தில் இதையெல்லாம் பார்த்துவிட்டு, இவ்வளவு வெளிச்சம் இருக்கும்போது தெருவிளக்கு எதற்கு என்று சீனியம்மாள் வீட்டு முன்னால் இருந்த விளக்கைக் கழற்றித் தலைவரின் மாட்டுத்தொழுவத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

வி.ஏ.ஓ. வந்து, கையைக் கண்ணுக்கு மேல் குடையாகப் பிடித்துக் கூரையைப் பார்த்தார்.

"நிவாரணம் எதுவும் கெடைக்குமா சார்?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

"முழுசா எரிஞ்சிருந்தா முழுச் சேதம், பாதி எரிஞ்சிருந்தா பாதிச் சேதம். இது எரிஞ்சுக்கிட்டே இருக்கேம்மா. முடிஞ்ச பெறகு சொல்லுங்க."

"அதுவரைக்கும் நாங்க எங்குட்டாச்சும் போய் இருந்துக்கிறோம் சார், கோயில் மண்டபத்துல."

"தாராளமா இருங்க. ஆனா ஆள் இல்லாத வீடு வீடு இல்லைன்னு சொல்லியிருக்கேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது." ஒரு வடையை எடுத்துக்கொண்டார். "இன்னைக்கு நல்லா செவந்திருக்கு."

"தீக்கு வாக்கு உண்டு, இவனுக்கு வயிறுதான் உண்டு" என்றான் உள்ளேயிருந்து பால்ச்சாமி.

எனவே அவர்கள் தீக்குக் கீழேயே இருந்தார்கள். கட்டிலில் கிடந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்கு ஓலை இடுக்கு வழியாக அதன் அடிப்பாதம் தெரியும், மஞ்சளாக, அசையாமல். "பாவம் புள்ள இது" என்பான். "பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்குது. நான் சோறு திங்கும்போது எட்டிப் பாக்குது." அவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அடுப்போடு பிழைக்கிறவள் அவள்; தீ பசியாக இருக்கிறதா, வயிறு நிறைந்து கிடக்கிறதா என்று அதன் சத்தத்திலேயே தெரியும். கூரை மேல் நின்றது பசியிலேயே பெரிய பசி.

இதில் தவசிலிங்கத்துக்கு வந்த யோகத்தைச் சொல்ல வேண்டும். சட்டமன்றத்தில் எழுந்து, "என் தொகுதியில் தீகூடக் கட்டுப்பாட்டோடு நிற்கிறது" என்றார், மேஜை உடைகிற மாதிரித் தட்டினார்கள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், நிற்கிற தீக்கு அணைக்கிற வண்டி எதற்கு, அந்தப் பணத்தை என் தொகுதிக்குக் கொடுங்கள் என்றார். அமைச்சர் இருபக்கத்துக் கருத்தையும் அரசு கவனத்தில் கொள்ளும் என்றார். தவசிலிங்கம் அந்தக் கவனத்தை ஆதரித்தார். மணிக்கட்டில் மஞ்சள் நூல் அழுக்கேறிக் கறுத்துவிட்டது, அதை அவர் அவிழ்க்கவில்லை. அது கட்டினதிலிருந்து யோகம் என்று ஜோசியர் சொல்லியிருந்தார்.

கோடை வந்தது. கீழத்தெருவில் வேறொரு கூரையில் அடுப்புப் பொறி ஏறியது, அதுவும் நின்றது. பிறகு ஒரு வைக்கோல் கொட்டகை. பிறகு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடம். எல்லாத் தீயும் ரேஷன் கடை வரிசை மாதிரி, தெற்கு ரோட்டைப் பார்த்துச் சாய்ந்தபடி ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தெரு ஜெகஜ்ஜோதியாக இருந்தது. ஒன்றியம் அதைப் போட்டோ எடுத்து, 'என்றும் திருவிழா காணும் ஓலைக்குறிச்சி' என்று தட்டி அடித்து வைத்தார்.

அன்றைக்கு வடை வாங்க வந்த பூசாரியிடம் சீனியம்மாள் கேட்டாள்: "மாமா, இதுக வண்டி வந்தா அணைஞ்சுருமா?"

பூசாரி வடையைப் பிட்டவர் பிட்டபடியே நின்றார். "வண்டி வந்து சேர்ற மட்டும் எரியாதுன்னுதான அவர் வாக்குக் குடுத்தாரு."

"வந்து சேந்துட்டா?"

அவர் தலைத்துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "கட்டு விட்டுப்போகும் தாயி. இத்தன நாள் பசி. கூலியும் குடுக்கல."

"கூலியை இப்ப நீங்க குடுத்துட்டா?"

"நூல் என் கையில இல்லியே. நூல் இருக்கிற கைதான் குடுக்கணும்."

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஊரே வண்டி வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறது. வண்டி வருகிற நாள்தான் கீழத்தெரு போகிற நாள். அதிலும் முதலில் போவது, கட்டிலை விட்டு இறங்க முடியாத ஆள் படுத்திருக்கும் வீடு. வண்டி வராமலே போகட்டும் என்றும் வேண்டிக்கொள்ள முடியாது, ஏனென்றால் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்தல் வந்தால் வராதது எல்லாம் வரும்.

தவசிலிங்கம் மனு வாங்குகிற நாளில் அவர் வீட்டு வாசலுக்குப் போனாள். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டி ஆதரிக்கும் தோரணையிலேயே இருந்தார்.

"வா தாயி. தீ வீட்டுக்கார அம்மாதான? உன்னால தொகுதிக்கே பேரு. வண்டி வருது, கேள்விப்பட்டியா? பணம் ஒதுக்கியாச்சு. நான் விடல, ஆதரிச்சு ஆதரிச்சு வாங்கிட்டேன்."

"சந்தோசங்கய்யா. ஒரே ஒரு வேண்டுதல். வண்டி வந்ததும் நாடா வெட்றதுக்கு முந்தி, மாலை போடுறதுக்கு முந்தி, நேரா எங்க தெருவுக்கு வந்து தண்ணி அடிக்கணும். வந்துருச்சுன்னு மைக்குல சொல்றதே அதுக்கப்புறம்தான் சொல்லணும்."

ஒன்றியம் சிரித்தார். "திறக்காத வண்டியில எப்படிம்மா தண்ணி அடிக்கிறது? அண்ணன் திறந்தாத்தான் அது வண்டி. அதுவரைக்கும் அது லாரி."

"இல்லைன்னா அந்த நூலை அவுத்து, உங்க துண்டுல முடிஞ்சு, கங்குல போட்டுருங்கய்யா. அதுக்குக் கூலி குடுக்கணும். பசியோட நிக்குது."

தவசிலிங்கம் மணிக்கட்டை மற்றொரு கையால் பொத்திக்கொண்டார். பிறகு முகத்தை இளக்கி, மேடையில் வைத்துக்கொள்கிற சிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்: "உன் கோரிக்கையை நான் முழுமனசா ஆதரிக்கிறேன் தாயி. போயிட்டு வா."

அந்த வார்த்தையைக் கேட்டதும் சீனியம்மாளுக்கு இனி ஒன்றும் நடக்காது என்பது உறுதியாகிவிட்டது.

வண்டி வந்த நாள் ஊரே பொட்டலில் இருந்தது. தென்னங்கீற்றுப் பந்தல், அதற்குக் கீழே மேடை, மேடைக்குப் பக்கத்தில் பளபளவென்று சிவப்பு வண்டி, அதன் மூக்கில் மாலை. சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறார்கள் என்று கீழத்தெருவில் ஒரு ஆண்பிள்ளை பாக்கியில்லை. கட்டிலைத் தூக்கி வெளியில் போட நாலு பேரைக் கேட்டாள், நாலு பேரும், "பொட்டலம் வாங்கிட்டு வந்துர்றோம் மதினி" என்று போனார்கள். பொட்டலுக்கு ஓடி, வண்டியோடு வந்த தீயணைப்புக்காரரின் கையைப் பிடித்தாள். நரைமீசைக்காரர், அவள் சொல்வதைக் கேட்டதும் கூரைகளின் பக்கம் திரும்பிப் பார்த்து முகம் மாறி, குழாயைத் தூக்கினார். அதற்குள் ஒன்றியம் வந்துவிட்டார்.

"அண்ணன் கார் வருது. ரெண்டு பக்கமும் தண்ணியைப் பீச்சி வளைவு போடுங்க. அது வழியா அண்ணன் நடந்து வர்றாரு."

"தொட்டித் தண்ணி தீக்குங்க. வளைவுக்கு இல்ல."

"யார்கிட்ட பேசுறோம்னு தெரிஞ்சு பேசு. வேலை வேணுமா வேணாமா?"

வளைவு போட்டார்கள். வெயிலில் வானவில்கூட விழுந்தது. தவசிலிங்கம் கும்பிட்ட கையோடு அதற்கடியில் நடந்துவந்தார், திருப்தியில்லை, போட்டோவில் சரியாக விழவில்லை என்று திரும்பிப்போய் மறுபடி நடந்துவந்தார். இரண்டாவது வளைவு நடுவிலேயே இருமி, சொட்டி, நின்றது. தொட்டி காலி. சீனியம்மாள் திரும்பி ஓடினாள்.

கட்டிலை வாசல்வரை இழுத்துவிட்டாள். வாசல் நிலையில் கட்டில் கால் மாட்டிக்கொண்டது. முன்னால் இழுத்தும் வரவில்லை, பின்னால் தள்ளியும் போகவில்லை.

"விடு புள்ள" என்றான் பால்ச்சாமி. முதல் தடவையாக அவன் குரலில் கேலி இல்லை. "நீ போ."

"வாயை மூடிக்கிட்டுக் கெடங்க."

ஒலிபெருக்கி தெரு முழுக்க முழங்கியது. "என் அருமைப் பெருமக்களே! சொன்னதைச் செய்வான் தவசிலிங்கம்! இதோ, வந்துவிட்டது வண்டி!"

கூரையின் மேல் தீ சோம்பல் முறித்தது. அப்படித்தான் இருந்தது, ஒரு வருஷம் ஒற்றைக்காலில் நின்ற ஆள் கையைக் காலை நீட்டினால் எலும்பு சொடுக்குமே, அந்த மாதிரி முகட்டு ஓலை சடசடத்தது. தெரு நெடுகக் கூரைகளில் நின்ற ஒவ்வொரு தீயும் நிமிர்ந்தது. முதல் ஓலை கருகுகிற வாடை வந்தது. சீனியம்மாள் கட்டிலை விட்டுவிட்டு வெளியே வந்து, இடுப்பில் கையை ஊன்றி, அண்ணாந்து, அடுப்பைத் திட்டுகிற குரலில் கத்தினாள்.

"ஏ! உனக்கு வாக்குக் குடுத்தது நானா? இந்தக் கட்டில்ல கெடக்குற மனுசனா? ஒரு வருசம் என் தலைக்கு மேல நின்னியே, ஒரு நாள் உன்னை வெரட்டியிருப்பனா? நூல் எந்தக் கையில இருக்கோ அங்க போய்க் கேளு உன் கூலியை! பொட்டல்ல மேடை போட்டு உக்காந்திருக்காக, போ!"

தீ அவளைக் குனிந்து பார்த்தது. பிறகு பூனை இறங்குகிற மாதிரி கூரைச் சரிவில் இறங்கி, அவள் தோளை உரசிக்கொண்டு வந்தது. கன்றுக்குட்டி நாக்கு பட்ட மாதிரி ஒரு சூடு, அவ்வளவுதான், சேலையில் ஒரு பொட்டுக் கருகவில்லை. அதன் பின்னால் அடுத்த கூரைத் தீ, அதன் பின்னால் வைக்கோல் கொட்டகைத் தீ, சத்துணவுக் கூடத்துத் தீ, மனுக் கொடுக்கப் போகிறவர்கள் மாதிரி ரோட்டின் இடது ஓரமாக, வரிசை கலையாமல், சத்தம் போடாமல் பொட்டலுக்கு நடந்தன.

பந்தலுக்கு முன்னால் போய் நின்றன. அப்போதும் அவசரப்படவில்லை. பூக்குழியில் பழகின தீ. கடைசிக் கால் கரையேறுகிற மட்டும் தொடாது. மேடையில் இருந்தவர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தார்கள், ஒன்றியம் வண்டிக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஓடினார், சனம் பொட்டலத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தூரப்போய் நின்றது. கடைசிக் கால் தவசிலிங்கத்துடையது. ஆள் பயந்துதான் போயிருந்தார், ஆனால் மைக்கைக் கையிலிருந்து விட முடியவில்லை, அது அவர் வழக்கமில்லை. "அமைதி... அமைதி... உங்கள் உணர்வை நான் ஆதரிக்கிறேன்" என்று தீயிடமே சொல்லிக்கொண்டு நின்றவரை, நரைமீசைத் தீயணைப்புக்காரர் மேடை ஏறி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். இறங்குகிற அந்த நிமிஷத்தில் ஒரு தீ எட்டி, மயிர்கூடக் கருகாமல், மணிக்கட்டு நூலையும் தோளில் கிடந்த பொன்னாடையையும் எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் தின்னத் தொடங்கியது. பந்தலைத் தின்றது, மேடையைத் தின்றது, மூங்கில் வளைவையும் தட்டியையும் தட்டியில் இருந்த தீயணைப்புத் திலகத்தின் கும்பிட்ட கைகளையும் தின்றது, கடைசியில் வண்டிக்குப் போனது. சிவப்புச் சாயம் கொப்பளித்து உரிந்தது. அதற்கடியில் இன்னொரு சிவப்பு, அதில் வேறொரு ஊர்ப் பெயர், 'திறந்துவைத்தவர்' என்று வேறொருவர் பெயர். அதுவும் உரிந்தால் அதற்கடியில் இன்னொரு ஊர், இன்னொரு பெயர். வெங்காயம் உரிக்கிற மாதிரி உரிய உரிய, அந்த ஒரே வண்டி எந்தெந்த ஊருக்கெல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது என்று எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு சனம் நின்றது.

ராவுத்தர் நூத்தியொண்ணுக்குப் போன் போட்டார்.

"பரவுதா?" என்றது அந்தக் குரல்.

"வண்டியே எரியுது."

"எந்த வண்டி பாய்?"

"நீங்க குடுத்த தீயணைப்பு வண்டி."

"இங்க இருந்து அனுப்புறோம். ஆனா கேட்டு மூடியிருக்கு."

தின்று முடித்ததும் தீ அங்கேயே படுத்துத் தூங்கி, சாம்பலானது. கீழத்தெருவில் தீ நின்ற கூரை ஒவ்வொன்றிலும் அது நின்ற இடத்தில் ஒரு தட்டளவு கறுப்பு ஓட்டை மட்டும் மிச்சம். பால்ச்சாமி கட்டிலில் இருந்தபடி அந்த ஓட்டை வழியாக ரொம்ப நாள் கழித்து வானத்தைப் பார்த்தான். "வெறிச்சுன்னு இருக்கு புள்ள" என்றான். வி.ஏ.ஓ. வந்து ஓட்டையை அண்ணாந்து பார்த்து, இது சேதத்தில் சேராது, காற்றோட்டத்தில்தான் சேரும் என்று சொல்லிவிட்டுத் தட்டுப் பக்கம் கையை நீட்டினார். சீனியம்மாள் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டாள். கழற்றிப்போன தெருவிளக்கு திரும்பி வரவில்லை.

தவசிலிங்கம் வந்தார். பாதிக்கப்பட்டவர்களை நேரில் பார்த்து ஆறுதல் சொல்ல வருகிறார் என்று தட்டி வைத்திருந்தார்கள். பாதிக்கப்பட்டது அவருடைய மேடைதான் என்றாலும் ஆறுதல் இவர்களுக்கு. மணிக்கட்டு வெறுமையாக இருந்தது, அதைத் தடவிக்கொண்டே இருந்தார். சீனியம்மாளின் அடுப்பு முன்னால் நாற்காலி போட்டு, மைக் கட்டினார்கள். ஊர் கூடியது. ஐப்பசி மாசம், கண்மாய் கரை தளும்ப நிறைந்து, மேகம் பனை உச்சியில் உட்கார்ந்திருந்த சமயம்.

"பெருமக்களே! நடந்ததை வைத்துப் பார்த்தால், இந்த ஊருக்கு ஒரு தீயணைப்பு வண்டி எவ்வளவு அவசியம் என்பது தெரிகிறது. அதை நான் தொடர்ந்து ஆதரிப்பேன். அதுமட்டுமல்ல. இந்தக் கண்மாய்க் கரையைப் பலப்படுத்தும் நிதியையும் ஆதரிக்கிறேன். இதோ இப்போது, உங்கள் முன்னால், இந்த வானமும் இந்தத் தண்ணீரும் சாட்சியாக ஒரு வாக்குக் கொடுக்கிறேன்! அந்தக் கரையைக் கட்டி முடிக்கும் வரை..."

தெரு முழுக்க ஒரே அடியாக மூச்சைப் பிடித்தது. பூசாரி தலைத்துண்டைப் பிடித்துக்கொண்டார். கண்மாய்ப் பக்கமிருந்து, அதுவரை சளப்சளப்பென்று கரையை அடித்துக்கொண்டிருந்த தண்ணீர் சத்தம் நின்றது, ஒருவர் காதைக் கொடுத்துக் கேட்பதற்காகப் பேச்சை நிறுத்துகிற மாதிரி.

சீனியம்மாள் எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த வடையை, ஆறவிடாமல், திறந்திருந்த அந்த வாயில் முழுசாகத் திணித்தாள்.

"தின்னுங்கய்யா" என்றாள், மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு. "ஒண்ணும் சொல்லாம தின்னுங்க. இந்தத் தடவ எது கேட்டுக்கிட்டு நிக்குதோ."